வரப்பு தாண்டிய நிழல்

அந்த ஊரில் புளியமர நிழலுக்குள் சொல்வதுதான் தீர்ப்பு. நிழல் நகர்ந்தால் பஞ்சாயத்தும் ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டு கூடவே நகரும். பெண்களுக்கு நிழலில் இடமில்லை என்பதால் வெள்ளத்தாயி காலையிலிருந்து வெயிலில் நின்றாள். மரத்துக்குக் கிழக்கே கிடக்கும் அரைக்காணி, செத்துப்போன புருஷனுக்குப் பின் அவளுக்கா, கொழுந்தன் மாடக்கண்ணுவுக்கா என்பது வழக்கு. அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. அவனுக்கு ஒன்பது சாட்சிகள். ஒன்பதாவது ஆள் பேசி முடித்தபோது சாயங்கால நிழல் வரப்பைத் தாண்டி அந்த நிலத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. எல்லோரும் எழுந்து ஜமுக்காளத்தை அங்கே விரித்தார்கள். யார் நிலமானாலும் உரியவரிடம் கேட்டுத்தான் பஞ்சாயத்து உட்காரும். நாற்பது வருஷப் பழக்கத்தில் நாட்டாமை, வெயிலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “உக்காரலாமா, தாயி?” கேட்ட பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. “என்ன மாமா, அவகிட்டப் போய்க் கேட்டுட்டீக?” என்று மாடக்கண்ணு பதறினான். நிழலுக்குள் சொன்ன சொல்லை நாட்டாமையாலும் திரும்ப எடுக்க முடியாது. வெள்ளத்தாயி நிழலுக்குள் நடந்து வந்தாள். ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணமிட்டு அமர்ந்தாள். நின்றுகொண்டிருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள். “உக்காருங்கய்யா,” என்றாள்.