படத்தில் ஒரு நீலக் கோடு

அணுமின் நிலையத்திலிருந்து நம் வீட்டு விளக்கு வரை மின்சாரம் வரும் வழியை வரைய வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கினால் அந்த நிலையத்திலேயே பயிற்சி வேலை. மாலை வகுப்பில் ஃபெரேய்ரா வாத்தியார் வைத்த தேர்வு இது. பகலில் அவர் அங்கே பொறியாளர்.

நிலையம் இருக்கும் பரானா நதிக்கரையிலிருந்து சைக்கிளில் கம்பம் கம்பமாகப் பார்த்து வந்துதான் வரைந்தேன். ஆனாலும் மூன்று முறை அழித்தேன்.

“தாள்ல ஓட்டை விழப்போகுதுடா, எலிசேயோ!” என்றாள் பக்கத்திலிருந்த நெலிடா.

வாத்தியார் தன் வீட்டு மரத்து எலுமிச்சையைத் தேநீரில் பிழிந்தபடி என் படத்தைப் பார்த்தார். அணு பிளக்கும் சூட்டில் நீராவி, அது சுழற்றும் டர்பைன், ஜெனரேட்டர், மின்மாற்றி, உயர் கோபுரங்கள், துணைமின் நிலையம், தெருக் கம்பம், எங்கள் வீடு.

“மீட்டர் எங்கடா?”

“எங்க வீட்டுல இல்ல சார். கம்பத்துல கொக்கி போட்டிருக்கோம்.”

வகுப்பே சிரித்தது.

“திருட்டுக் கரண்டா? உனக்கெல்லாம் எப்படிடா அங்க வேலை குடுக்குறது?”

வேலை போயிற்று. வரைந்ததையாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“ஒரு சந்தேகம் சார். அதே கம்பத்துல இன்னொரு கொக்கி இருக்கு. நீல வயர். பாதிதான் வரைஞ்சிருக்கேன். எலுமிச்சை மரம் இருக்குற ஒரு வீட்டுக் கொல்லைக்குள்ள போகுது. யார் வீடுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து முடிச்சிடறேன்.”

வாத்தியார் எலுமிச்சையைக் கீழே வைத்தார். என் ரப்பரை எடுத்து, நீலக் கோட்டைத் தானே அழித்தார். பத்துக்குப் பத்து போட்டார்.

“ஞாயித்துக்கிழமை நல்லா தூங்குடா,” என்றார்.