மூவருக்கும் ஒரே மார்க்

“நேரம் இருக்குதும்மா, மெதுவா நடங்க” என்றான் பூபாலன். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. நம்ம குரூப் மத்தியானம் ரெண்டு மணிக்கு என்று முந்தின நாள் குகன் போனில் சொல்லியிருந்தான்.

மயிலாத்தாள் பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற மகன், இன்று வகுப்பில் பேசப்போகிறான்.

‘ஒரு பனியனின் அடக்கவிலை’ என்பது தலைப்பு. விவரமெல்லாம் அவள் சொன்னதுதான். குகனும் கிருத்திகாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, அவள் கையால் சாப்பிட்டுப் போனார்கள்.

குலுக்கி எடுக்கிற சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் பேச வேண்டும். அவர் வாங்குகிற மார்க்தான் மூவருக்கும். தகுந்த காரணமில்லாமல் ஒருவர் வராவிட்டால் எல்லோருக்கும் ஐந்து மார்க் குறையும்.

“எம்பேரே வரட்டும்மா. பத்து நாளா சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கறேன்.”

வகுப்பு வாசலில் குகனும் கிருத்திகாவும் நின்றிருந்தார்கள். பூபாலனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

“சாப்டீங்களா கண்ணு?” என்றாள் மயிலாத்தாள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“நம்மளுது காலைலயே முடிஞ்சிருச்சுடா” என்றான் குகன்.

“ரெண்டு மணின்னு நீதானடா சொன்னே?”

“உம்பேரு வந்து, நீ திக்கிட்டு நின்னிருந்தா?” கிருத்திகாவின் குரல் கம்மியது. “எனக்கு ஸ்காலர்ஷிப் போயிரும் பூபாலா.”

அவன் குகன் பக்கம் திரும்பினான். “அப்ப நான் ஆப்சென்ட்டா?”

“இல்லடா. மேடம்கிட்டச் சொல்லிட்டோம். மூணு பேருக்கும் பதினெட்டு.”

“என்னன்னு சொன்னீங்க?”

குகன் கிருத்திகாவைப் பார்த்தான். உள்ளேயிருந்து சுப்புலட்சுமி மேடம் வந்தார். ஐந்து நிமிடம் தாமதித்தாலே வெளியே நிறுத்துகிறவர், பூபாலனின் தோளை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குப் போயி எதுக்குப்பா வந்தே? மார்க்கெல்லாம் போட்டாச்சு. தைரியமா இரு.”

அவன் விழித்தான். குகன் மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனான்.

மேடம் மயிலாத்தாள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீங்க சொந்தக்காரங்களா? அவங்கம்மாவ எத்தனை மணிக்குங்க எடுக்கறாங்க?”