லிவர்பூலில் இரண்டு நாள்

முதலில் படகா, தேவாலயமா என்பதில் மட்டும்தான் நார்மனுக்கு மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

லிவர்பூல் வரைபடம் சமையலறை மேசை முழுக்க விரிந்து கிடந்தது. ஒரு முனையை மார்மலேட் பாட்டில் அழுத்திப் பிடித்திருந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். வட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கோழி கிளறிய மாதிரி இருந்தது.

ஆனால் திட்டம் பிரமாதம். மருமகன் கெவினே மெச்சிக்கொண்டு, வரைபடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

தேவாலயம் காலையில், படகு மத்தியானத்துக்கு மேல் என்று ஓரத்தில் எப்போதோ அவரே கிறுக்கி வைத்திருந்தார்; அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அப்போதுதான் வெயில் கரைக் கட்டடங்களின் முகத்தில் விழும். கோபுரத்து உச்சியில் நிற்கும் இரண்டு செம்புப் பறவைகளையும், படகு திரும்பி வரும்போது எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்றும் அதில் இருந்தது.

அவர் இருக்கும் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ரயிலில் போனால் அப்படியொன்றும் தூரமில்லை. மில் வேலை, பிறகு மனைவியின் நோய் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. இப்போது டாக்டர் வேறு, ஞாபகம் இனி மங்கிக்கொண்டுதான் போகும் என்று சொல்லிவிட்டார்.

முழுக்க மங்குவதற்குள் அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மகள் ட்ரேசி டீ கொண்டுவந்து வைத்தாள். எப்போதும்போல அரைக் கோப்பை. முழுக்க ஊற்றினால் மீதி மேசைக்குத்தான் போகும்.

"கிளம்புறது வெள்ளிக்கிழமைதானேம்மா?"

ட்ரேசி கெவினைப் பார்த்தாள். கெவின் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வந்துட்டோமேப்பா. போன வாரம்."

நார்மன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு பிரெண்டா வந்து, இரண்டு நாளும் டின் சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. தக்காளி சூப். அவளுடைய பூனை அவருடைய நாற்காலியில் ஏறிக்கொண்டு, இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சொன்னார்.

"அது கிறிஸ்துமஸுக்கு முன்னாடிப்பா" என்றாள் ட்ரேசி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

வாதாடியிருப்பார். ஆனால் அடுப்பை அணைத்தேன், அணைத்தேன் என்று ஒரு நாள் சாதித்துப் பார்த்ததில் பாடம் படித்திருந்தார். மறுநாளே முதியோர் இல்லத்தின் வண்ண விளம்பரத் தாள் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"கொடுத்து வச்சவர் நீங்க, நார்மன். ஒரே ஊரை எத்தனை தடவை வேணாலும் புதுசாப் பார்க்கலாம்" என்று சொல்லிக் கெவின் கைபேசியை நீட்டினான்.

தேவாலயத்துக் கண்ணாடியின் நீல வெளிச்சம் ட்ரேசியின் முகத்தில் விழுந்திருந்தது. அடுத்தது, அவர் வட்டம் போட்ட கடையின் கறிக் குழம்புத் தட்டு, ஓரத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைகோஸ். அதற்கடுத்து படகு, காற்றில் பறக்கும் ட்ரேசியின் முடி. கடைசியில் வெயிலில் மின்னும் இரண்டு பறவைகள்.

அவர் யோசித்து யோசித்துப் போட்ட வரிசை. ஒன்றுகூட மாறவில்லை. பறவைகளைத் திரும்பி வரும் படகிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

அப்படியானால் போயிருக்கத்தான் வேண்டும்.

பார்த்தாகிவிட்டது. பார்த்த ஞாபகம்தான் போய்விட்டது.

"நான் எதுலயும் இல்லையே?"

"படம் எடுத்ததே நீங்கதானேப்பா."

அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார். கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். படம் கிடுகிடுவென்று ஆடியது.

மேசைமேல் வைத்தார். ஆட்டம் நின்றது. ட்ரேசியின் முடி இழை இழையாகத் தெரிந்தது. பறவையின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது.

நார்மன் தன் கையைப் பார்த்தார். அரைக் கோப்பை டீயில் பாதி சாஸரில் சிந்திக் கிடந்தது.

பிறகு ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார்.

"ஆமாம்மா. படகுல காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

ட்ரேசிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. லிவர்பூலை மடித்து எடுத்துவிட்டு, மடிப்புக் கலையாத புது வரைபடம் ஒன்றை அவர் முன்னால் விரித்தாள். நியூகாசில்.

"மே மாசம் இங்க போறோம். இதுக்கும் நீங்களே திட்டம் போட்டுக் கொடுத்துடுங்கப்பா. உங்கள மாதிரி யாரு போடுவா?"

நார்மன் மடிப்புகளை நீவினார். ஆற்றின் குறுக்கே பாலங்கள் நிறைய இருந்தன.

"இதுலயும் படம் நான்தான் எடுக்கணுமா?" தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பின்ன? உங்க கை ராசியான கைப்பா."

அந்தக் கையால் அவர் பென்சிலை எடுத்தார்.