வெள்ளிக்கிழமை, ஒன்று இருபது

சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து இந்த டீக்குள் விழட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. தாராவியில் ஷாகுல் ஹமீது பாயின் பை தைக்கிற பட்டறை. அவர் போட்ட கத்தலில், குர்லா ஸ்டேஷனில் நாலு பேர் ரயில் வந்துவிட்டதென்று எழுந்து நின்றார்களாம்.

"பன்னெண்டு மணிக்கு ஆர்டர் குடுக்குற சான்பாடா வெங்கடேஸ்வரன் சார் டிசைன் பாக்க வாராரு. ஸ்கிரீன் கரிச்சட்டி மாதிரி கெடக்கு!"

கம்ப்யூட்டர் முன்னால் ஹபீபா. பைகளுக்கு டிசைன் போடுகிற பெண்.

"நேத்து சாயங்காலம் ஆஃப் பண்ற வரைக்கும் நல்லா இருந்துச்சு பாய். நான் ஒண்ணும் செய்யல."

"விண்டோஸே போதும்னேன். லினக்ஸ்னா ஃப்ரீன்னு நீதான மாத்துன?"

தோல் வெட்டிக்கொண்டிருந்த நானும் சும்மா இருக்கவில்லை.

"வேற யாரு அதைத் தொடுதா? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குக் கை சும்மா இருக்காதுல்லா!"

"அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. ஆர்டர் போச்சுன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம் புள்ள."

ஹபீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பதினொன்றரைக்கு ரிப்பேர் பார்க்கிற வேல்ராஜ் வந்தான். எதை எதையோ தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"பாய், டென்ஷன் நகோ, பதறாதீங்க. படம் காட்டுற கார்டுக்கு ஏற்கனவே ஒரு டிரைவர் இருக்கு. யாரோ இன்னொண்ணை ஏத்தியிருக்காங்க. ஒரே சீட்டுல ரெண்டு டிரைவர் உக்காந்து ஸ்டீயரிங்கை இழுத்தா வண்டி எங்கிட்டுப் போவும்?"

"பாஸ்வேர்டு இல்லாம எவன் ஏத்துவான்?"

வேல்ராஜ் மானிட்டர் ஓரத்தைக் காட்டினான். பாயே தன் கையால் பாஸ்வேர்டை எழுதி, டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

"என்னைக்கு ஏத்துனது, எத்தனை மணிக்கு, எல்லாம் உள்ள பதிவாயிருக்கும். இருங்க."

ஹபீபா குனிந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, 1.20.

வேல்ராஜ் வாயைத் திறந்தான். பாய்க்குத் தெரியாமல் ஹபீபா தலையை அசைத்தாள். வேண்டாம்.

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான்.

"அது... நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் பாய். தானா அப்டேட் ஆகி ரெண்டும் மோதிக்கிட்டிருக்கு. யார் மேலயும் குத்தமில்ல."

புதியதைக் கழற்றினான், பழையதைச் சரிபார்த்தான், கம்ப்யூட்டரை மறுபடி போட்டான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, திரையில் சிவப்பு ஜிப் வைத்த ஸ்கூல் பை ஜம்மென்று சுற்றியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" பாய் போட்ட சத்தத்தில் குர்லாக்காரர்கள் மறுபடி எழுந்திருப்பார்கள்.

வெங்கடேஸ்வரன் சார் பார்த்தார். "அடுத்த வாரமே தைக்க ஆரம்பிங்க" என்று கிளம்பினார்.

"மனசுல வச்சுக்காத புள்ள. உன்னப் போய்ச் சொல்லிட்டேன்" என்ற பாய், எல்லோருக்கும் டீ சொன்னார்.

என் டீயை ஹபீபாவே கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் கேம் நிண்ணு நிண்ணு ஓடுனா எங்கிட்டச் சொல்லுங்க. நான் சரி பண்ணித் தாரேன். நீங்களா எதையும் ஏத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை ஒன்று இருபது என்றால் ஜும்மா தொழுகை நேரம். பாயிலிருந்து டெய்லர் சைஃப் வரை அத்தனை பேரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். ஹபீபா சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாள். பட்டறைக்குக் காவல், பூதத்தான் என்கிற எழுபத்திரண்டு வயதுக் கிழவன் ஒருத்தன்தான்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது பூதத்தான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.