எரியாத பல்பு

"ரெண்டு பல்புமே செத்துப் போனது! இதைப் புதுசுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டியா?"

கனகராஜ் போட்ட சத்தத்தில் மலேசியாவின் குளுவாங் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பொழுது சாய்ந்ததும் அவர் தன் வாடகைக் காரில் சிம்பாங் ரெங்கத்துக்குக் கல்யாணச் சனத்தை ஏற்றிப் போக வேண்டும். முன்விளக்கு இரண்டும் குருடாகக் கிடந்தால் இருட்டில் எப்படி ஓட்டுவது?

"காலையில உங்க கண்ணு முன்னாடிதானே எரிய வெச்சுக் காட்டினேன் அண்ணே?" என்றார் கடைக்காரர் சபாபதி.

"கடையில எரிஞ்சது கார்ல ஏன் எரியல? பச்சப்புள்ளைய தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போய், பார்த்துப் பார்த்து மாட்டினேன்! போலீஸ்ல சொல்லி உன் கடைய மூட வெக்கிறேன் பாரு!"

சபாபதி கடையை விட்டு இறங்கிப் போய், காரிலிருந்து ஒரு பல்பைக் கழற்றினார். மின்சாரம் ஏறும் அடிப்பக்கம் முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

"அலமாக்! இது என்ன அண்ணே?"

கனகராஜின் கோபம் இன்னும் ஏறியது.

"சந்தனம்! புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம மாட்டச் சொல்றியா? கண்ணாடியில வெச்சா வெளிச்சத்தை மறைக்கும்னு, யோசிச்சுத்தான்யா அடியில வெச்சேன்!"