பாராசூட் இருந்த இடம்

உப்புத்தாளை வைத்து ராக்கெட்டின் சிவப்புப் பெயின்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார் ஹரிராம்.

ஐம்பத்து நான்கு வயது ஆள், பல்கலைக்கழகத்தில் லேப் அட்டெண்டர், வாசற்படியில் உட்கார்ந்து விளையாட்டுச் சாமானைத் தேய்த்தால் தெரு சும்மா இருக்குமா. நாகமலை புதுக்கோட்டையில் அந்தத் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

"எதுக்குண்ணே நல்ல பெயின்ட்ட சுரண்டுறீக?" என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள்.

"எடை குறையும். உயரப் போகணும்ல."

எதற்கு உயரப் போகணும் என்று அவள் கேட்கவில்லை. தெரியாமலா.

மகள் சுந்தரவல்லி பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, அமெரிக்கா போய்வந்த பேராசிரியர் ஒருவர் கொடுத்த பெட்டி அது. அட்டைக் குழாய், லேசான மர றெக்கை, பிளாஸ்டிக் மூக்கு, கைக்குட்டை அளவில் பாராசூட், மருந்து அடைத்த மோட்டார் நான்கு. அப்பாவும் மகளுமாக மலையடிப் பொட்டலில் இரண்டை விட்டார்கள். தெருவே போய்க் கை தட்டியது.

ராக்கெட்டும் மிச்சம் இரண்டு மோட்டாரும் பீரோவுக்கு மேலே கிடந்தன.

சுந்தரவல்லி இப்போது மலைக்கு அந்தப் பக்கம். டிராக்டர் ஓட்டுகிற நல்லகாமனோடு போய் ஒன்றரை வருஷம். சௌராஷ்டிர வீட்டுப் பெண், காடுகழனி பார்க்கிற சம்சாரி வீட்டுக்கு.

அம்மா அலர்மேல்மங்கை அன்றைக்கே எண்ணெய் வைத்துத் தலைமுழுகினாள். குழாயடியில், நாலு பேர் பார்க்கத்தான். அப்புறம் அந்தப் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் தங்கள் பாஷையில் பேசிக்கொள்வதால் தெருவுக்கு நிறைய நஷ்டம் உண்டு. ஆனாலும் பெயர் எந்தப் பாஷையிலும் பெயர்தானே. சுவரில் காதை வைத்த ராமக்காளுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஹரிராம் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. வேலைக்குப் போனார், வந்தார், வைத்ததைத் தின்றார். ஒரு நாள் அலர்மேல்மங்கை குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாளாம். அதையும் தின்றுவிட்டுக் கை கழுவினாராம்.

சுந்தரவல்லிக்கு வளைகாப்பு என்ற சேதியைக் கொண்டுவந்தவள் ராமக்காள். அலர்மேல்மங்கை அரிசி புடைக்கிற நேரம் பார்த்து, காற்றுக்குச் சொல்வதுபோல் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்காம். வாசல்லயே மணை போடுறாகளாம்."

முறம் நிற்கவில்லை.

உள்ளே இருந்த ஹரிராம் எழுந்து பீரோவுக்கு மேலே கையை விட்டார்.

பெட்டியில் ஐநூறு அடி என்று போட்டிருந்தது. மலையைத் தாண்டி, அந்தப் பக்கத்து வாசலில் உட்கார்ந்திருப்பவள் கண்ணில் பட அது போதாது. இரண்டு மோட்டாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். கீழது தீர்ந்தால் மேலது பிடிக்கும். றெக்கையைச் சீவினார். பெயின்டைத் தேய்த்தார். கடைசியில் பாராசூட்டையும் உருவிப் போட்டார். அது பத்திரமாக இறங்கி வந்து என்ன ஆகப்போகிறது.

"பாராசூட் இருந்த எடம் சும்மாவா கெடக்கு?" என்றாள் ராமக்காள்.

சும்மாதான் என்றார். அதில் கலர்ப்பொடி அடைத்தால் உச்சியில் சிதறிப் புகைமாதிரி நிற்கும் என்று பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எடை கூடும் என்று அவர் அடைக்கவில்லை. இதையும் சொன்னார். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அலர்மேல்மங்கை காதிலும் விழுந்திருக்கும். விழுந்த மாதிரித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருபத்தைந்து வருஷமாகக் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைக்கிற அலர்மேல்மங்கை, சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டு கோலம் போட்டாள். இதையெல்லாம் கவனிக்கத்தானே ராமக்காள் இருக்கிறாள்.

"என்னக்கா, புது ஸ்டைலு?"

பதிலுக்குக் கோலப்பொடிக் கிண்ணம் தரையில் டங்கென்று உட்கார்ந்தது.

ராக்கெட்டைத் துண்டில் சுற்றித் தூக்கியபோது ஹரிராமுக்கு லேசாகக் கனத்தது. ராத்தூக்கம் இல்லாத கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

பொட்டலில் கம்பியை நட்டு, அதில் ராக்கெட்டை மாட்டினார். சுற்றிலும் தெரு நின்றது, ராமக்காள் முதல் வரிசையில். வாட்சில் பதினொன்றைப் பார்த்துவிட்டு பேட்டரியில் ஒயரைத் தொட்டார்.

சீறிக்கொண்டு கிளம்பியது. கீழ் மோட்டார் கழன்று விழுந்தது, மேலது பிடித்தது. மலை முகட்டைத் தாண்டி, கொசு அளவாகி, அதுவும் இல்லாமல் போயிற்று.

யாரும் கை தட்டவில்லை. எதைப் பார்த்துத் தட்டுவது.

ஹரிராம் முகத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர் கண்ணுக்கே தப்பியது, அந்தப் பக்கம் இருப்பவளுக்கு எங்கே தெரியும். குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"அண்ணே, மேல பாருங்க."

மலைக்கு மேலே சிவப்பாக ஒன்று விரிந்தது. இங்கிருந்து பார்க்க உள்ளங்கை அகலம் இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெல்ல மலைக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது.

ராக்கெட்டில் சிவப்பு என்று ஏதும் கிடையாது. இருந்ததையும் அவரே சுரண்டியிருந்தார்.

ராமக்காள் ஹரிராமைப் பார்த்தாள். வீடு இருந்த திக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அவள் ஒரு சேதியை விழுங்கியதைத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

ஹரிராம் வீட்டுக்கு வந்தபோது தட்டு போட்டிருந்தது. சாமி அலமாரியில் குங்குமச் சிமிழைக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தார். அலர்மேல்மங்கை நிமிரவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். அப்புறம், ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, உப்பு கூடிப்போச்சு என்றார்.