அர்த்தம் சொல்கிறவர்கள்

கூடத்து மூலையில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குக் கை ஓடவில்லை. மடித்த சட்டையையே மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

நடுவில் மாமியாரின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"வருஷக்கணக்கா புதன்கிழமை ஆனா இந்த வீட்டுல உட்கார்ந்து பைபிள் படிக்கிறோம். இனிமே கூடாதாம்! படிக்கணும்னா கோயிலுக்கு வரணுமாம். ஃபாதரே பக்கத்துல இருந்து அர்த்தம் சொல்வாராம். ஏன், நமக்கெல்லாம் மூளை இல்லையா?"

"பூசையில தொண்டை கிழியப் பாடுறதுக்கு மட்டும் நாம வேணும்," என்றாள் கோயிலில் பாட்டுப் பாடுகிறவள். "அதே வாயால ஒரு அர்த்தம் சொல்லிட்டா ஃபாதருக்குக் காது வலிக்குது."

"நல்லா சொன்னே போ," என்றாள் மாமியார்.

"என்ன காரணம்னு நேராவே கேட்டீங்களாக்கா?"

"கேட்காம வருவேனா? 'இந்தப் பங்குக் கோயிலுக்குப் பொறுப்பு நான். வசனத்துக்கு அர்த்தம் சொல்ற பொறுப்பு திருச்சபைக்கு. அவ்வளவுதான்'னு எந்திரிச்சிட்டார். திமிர், வேறென்ன? யாரோ போய் வத்தி வெச்சிருக்காங்க. ஆள் மட்டும் யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு!"

மருமகள் தலை நிமிராமல் இன்னொரு துணியை எடுத்து மடித்தாள்.

வத்தி வைத்தது அவள்தான்.

சுவரோரம் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகள். முகவாயில் வெள்ளைக் கட்டு.

வலிப்பு வருகிற பிள்ளை. மாத்திரையில் நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை, நம்பி வேண்டினால் நோயாளி குணமாவார் என்கிற இடத்தைப் படித்துவிட்டு மாமியார் பைபிளை மூடினாள்.

"மாத்திரையை நம்புறவ கடவுளை நம்பலைன்னு அர்த்தம்," என்றாள்.

தையல்காரி அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். சில நாளிலேயே பிள்ளை வலிப்பு வந்து படிக்கட்டில் உருண்டது.

"உன் நம்பிக்கை பத்தலை," என்றாள் மாமியார்.

அதைக் கேட்ட பிறகு மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், எதிரே ஆள் வந்தாலே தலையைக் குனிகிறவள், இடுப்பில் குழந்தையோடு போய் ஃபாதர் முன்னால் நின்றாள். அழுகைதான் முதலில் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபாதர் பைபிளைத் திறந்தார்.

"அதே இடத்துல நோயாளிக்கு எண்ணெய் பூசச் சொல்லியிருக்கும்மா. அந்தக் காலத்துல எண்ணெய்தான் மருந்து. அதை விட்டுட்டு அர்த்தம் சொல்லியிருக்காங்க," என்றார்.

"அத்தைக்குத் தெரிஞ்சா..."

"உன் பேர் வெளிய வராது. ஊர் வாயில உன் அத்தை பேரும் விழ வேணாம். கெட்ட பேரை நான் வாங்கிக்கிறேன். அந்தப் பிள்ளையோட அம்மாவைக் கூப்பிட்டு நானே பேசுறேன்."

ஆள் அனுப்பித்தான் பார்த்தார். தையல்காரி போகவில்லை. போகாதே என்று மாமியார் தடுத்துவிட்டாள்.

"ஃபாதருக்கு மேல இருக்கிற ஆயருக்கே எழுதுவோம்!" மாமியார் எழுந்தாள். "இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போனதும் பாட்டுக்காரி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அப்போது பிள்ளையின் கண் மேலே செருகியது. ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. தையல்காரி பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டு முணுமுணுவென்று செபித்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

"பார்த்தியா, நின்னுடுச்சு," என்றாள் மருமகளிடம். "நான் நம்புறேம்மா. சத்தியமா நம்புறேன். இதுக்கு மேல எப்படி நம்புறதுன்னுதான் தெரியல."

மடியிலிருந்த துணியெல்லாம் கீழே சரிய, மருமகள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஃபாதர் உங்களைத் திட்டக் கூப்பிடல. மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்த வசனத்திலயும் இல்லையாம். அவர்கிட்ட போய்ச் சொன்னது வேற யாரும் இல்லக்கா, நான்..."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கூடம் வரை கேட்டது.

"ஏம்மா, என் பிரஷர் மாத்திரையை எங்க வெச்சே? ஒரு வேளை தப்பினாலும் எனக்கு ஆகாதுன்னு தெரியாதா? சீக்கிரம் எடுத்துட்டு வா!"